ஒரே மாத்திரை, மூன்று வேலை

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. காலண்டரைப் புரட்டிய மருமகளுக்குத் தன் தேதியும் அதே வாரத்தில் விழுவது அப்போதுதான் தெரிகிறது. மருந்துக்கடையில் ‘தள்ளிப்போடுற மாத்திரை’ என்று சொன்னால் போதும், சீட்டு இல்லாமலே அட்டை கைக்கு வந்துவிடும். தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, விசேஷம் முடியும்வரை போடுகிறாள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடுகிறது.

அதே வீட்டில் நாற்பத்தைந்து வயது அத்தைக்குப் பதினைந்து நாளாக உதிரம் நிற்கவில்லை. மகளிர் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டிலும் அதே மாத்திரை, நோரெதிஸ்டிரோன். அத்தை மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கோ மூன்று மாதமாக வரவேயில்லை. அவளுக்கும் அதே வகை மாத்திரைதான், பத்து நாளைக்கு. ஒருத்திக்கு வராமல் தடுக்க, ஒருத்திக்கு வந்ததை நிறுத்த, ஒருத்திக்கு வராததை வரவழைக்க. ஒரே மருந்து இந்த மூன்றையும் எப்படிச் செய்கிறது என்று விளங்கிவிட்டால், மாதவிடாய்க் கோளாறுகளில் பாதி விளங்கிவிடும்.

சூட்சுமம் மாத்திரையைப் போடுவதில் மட்டும் இல்லை, நிறுத்துவதிலும் இருக்கிறது.

மாதவிடாய் முடிந்ததும் சினைப்பையில் ஒரு சினைமுட்டைப் பை வளரத் தொடங்குகிறது. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கருப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைக்கிறது. அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு முட்டை வெளியேறுகிறது. முட்டை போன பிறகு மிச்சமிருக்கும் வெறும் பை, மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி இன்னொரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதுதான் புரோஜெஸ்டிரோன். வளர்ந்த சவ்வை மேலும் வளரவிடாமல் நிறுத்தி, கெட்டிப்படுத்தி, கரு தங்குவதற்கு ஏற்றதாகப் பக்குவப்படுத்துவது இதன் வேலை. கரு தங்காவிட்டால் அந்த மஞ்சள் சுரப்பி சுமார் பதினான்கு நாளில் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் சரிகிறது, சவ்வு உதிர்கிறது. மாதவிடாயைத் தொடங்கி வைப்பது இந்தச் சரிவுதான்.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லர்ட் ஆலனும் 1929இல் முயல்களை வைத்து இந்த ஹார்மோனை அடையாளம் கண்டார்கள். கர்ப்பமான முயலின் சினைப்பையை நீக்கினால் கரு கலைந்தது; மஞ்சள் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் ஏற்றினால் கரு நிலைத்தது. ஆனால் இயற்கையான புரோஜெஸ்டிரோனை வாய்வழி கொடுத்தால் கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். வாய்வழி கொடுத்தாலும் வேலை செய்யும் செயற்கை வடிவத்தை 1951 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தின் சின்டெக்ஸ் ஆய்வகத்தில், கார்ல் ஜெராசியின் குழுவிலிருந்த லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற இளம் வேதியியலாளர் தயாரித்தார். மூலப்பொருள், மெக்சிகோ காடுகளில் விளையும் ஒரு வள்ளிக்கிழங்கு. அன்று அவர் தயாரித்ததுதான் இன்று நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்கும் நோரெதிஸ்டிரோன்.

ஹார்மோன் சரிந்தால் சவ்வு உதிர்கிறது என்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உடற்கூறியலாளர் ஜே. ஈ. மார்க்கீ, ரீசஸ் குரங்கின் கருப்பைச் சவ்விலிருந்து துணுக்குகளை எடுத்து, அதே குரங்கின் கண்ணுக்குள், விழிவெண்படலத்துக்குப் பின்னால் உள்ள நீரறையில் ஒட்ட வைத்தார். அங்கே அவை வேர்பிடித்து வளர்ந்தன. விழிவெண்படலம் கண்ணாடிபோல் தெளிவானது என்பதால், உருப்பெருக்கியை வைத்து உயிருள்ள சவ்வில் மாதவிடாய் நடப்பதை நேரடியாகக் காண முடிந்தது. 1940இல் வெளியான அவருடைய பதிவுகள் இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. முதலில் சவ்வு மெலிகிறது. அதற்குள் சுருள் சுருளாக ஓடும் நுண்தமனிகள் இடம் போதாமல் மேலும் முறுக்கிக்கொள்கின்றன. உதிரம் வருவதற்குச் சில மணி நேரம் முதல் ஒருநாள் முன்பு, அவை இறுக மூடிக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் தளர்ந்து கசிந்து, மறுபடி மூடுகின்றன.

இனி மூன்று பெண்களையும் பார்க்கலாம். மருமகளின் உடலில் தானாகச் சரிய இருந்த புரோஜெஸ்டிரோனுக்குப் பதிலாக மாத்திரை நின்றது, அதனால் சவ்வு உதிரவில்லை. மாத்திரையை விட்டதும் உதிர்ந்தது. கல்லூரி மாணவிக்குச் சவ்வு வளர்ந்தபடி இருந்தது, ஆனால் முட்டை வெளியேறாததால் புரோஜெஸ்டிரோன் வரவேயில்லை. பத்து நாள் கொடுத்து நிறுத்தியதும் செயற்கையாக ஒரு சரிவு உண்டாகிறது, மாதவிடாய் வருகிறது. அத்தையின் கதை கொஞ்சம் வேறு. புரோஜெஸ்டிரோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்த சவ்வு, யூரியாவை மட்டும் அள்ளிப் போட்ட நெற்பயிர் மாதிரி. பச்சைப்பசேல் என்று தழைத்து உயரும், தண்டில் வலு இருக்காது, லேசான காற்றுக்கே வயலின் ஒரு மூலை சாயும், நாளைக்கு இன்னொரு மூலை. சவ்வும் அப்படித்தான் இன்று ஓரிடத்திலும் நாளை இன்னோரிடத்திலும் உதிர்ந்துகொண்டே இருக்கும். மாத்திரை அதைக் கெட்டிப்படுத்தி நிறுத்துகிறது. மருந்து முடிந்த பிறகு ஒரே சீராக உதிரும்.

முட்டை வெளியேறாத மாதங்கள் பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று வருடங்களிலும், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களிலும் சகஜம். இடைப்பட்ட வயதில் அது தொடர்ந்தால் காரணம் தேட வேண்டும். தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், திடீர் எடை மாற்றம் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் பெரும்பாலோர் ஸ்கேன் அறிக்கையோடு வந்து சொல்வது, “சினைப்பையில நீர்க்கட்டி இருக்காம்” என்பதுதான். பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்தக் குறைபாட்டை 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து விவரித்தார்கள். கட்டி என்றதும் வயிற்றில் புளி கரைக்கிறது. உண்மையில் அவை கட்டிகளே அல்ல. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சினைமுட்டைப் பைகள். அறுத்தெடுக்க அங்கே எதுவும் இல்லை. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது அது கூடுதலாகச் சுரக்கிறது; கூடுதல் இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன்களை அதிகம் சுரக்கத் தூண்டுகிறது; முட்டை முதிர்வது தடைபடுகிறது. உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புவது இதனால்தான். ஒல்லியானவர்களுக்கும் இது வரும். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விடக்கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம், தடித்தபடியே இருக்கும் சவ்வு ஆண்டுக்கணக்கில் அப்படியே போனால் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு இருப்பதுதான். “வரலைன்னா நிம்மதிதானே” என்ற பேச்சு இங்கே செல்லாது.

வருவதும் வராததும் காலண்டரில் தெரிந்துவிடும். எவ்வளவு வந்தால் அதிகம் என்பதுதான் சிக்கல். யாரும் யாருடனும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாத விஷயம் இது. “எனக்கு எப்பவுமே இப்படித்தான், எங்கம்மாவுக்கும் இப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சுவீடனின் கோதன்பர்க் நகரில் லெய்ஃப் ஹால்பெர்க் குழுவினர் இதை அளந்தே பார்த்துவிடுவது என்று இறங்கினார்கள். பதினைந்து முதல் ஐம்பது வயது வரையிலான 476 பெண்கள், பயன்படுத்திய பஞ்சுப் பட்டைகளை ஒன்றுவிடாமல் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால், ரத்தத்தின் ஹீமோகுளோபின் கரைந்து பழுப்பு நிறமாகும். நிறத்தின் அடர்த்தியை, அதே பெண்ணின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டால் இழப்பு எத்தனை மில்லி லிட்டர் என்று தெரிந்துவிடும். 1966இல் முடிவுகள் வந்தன. சராசரி இழப்பு நாற்பது மில்லி லிட்டரைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். 80க்கு மேல் போனவர்களிடம் ரத்தசோகை தெளிவாகக் கூடியிருந்தது. எண்பது என்ற எல்லைக்கோடு இப்படித்தான் வந்தது.

அந்த ஆய்வில் எண்ணைவிட முக்கியமான செய்தி வேறொன்று. எண்பதுக்கு மேல் இழந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், தங்களுக்கு அளவாகத்தான் போகிறது, குறைவாகத்தான் போகிறது என்று சொன்னார்கள். இருபதுக்கும் கீழே இழந்தவர்களில் 14 சதவீதம் பேர் ‘அதிகம்’ என்றார்கள். பழகிப்போனது எதுவோ அதுதான் அளவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

எண்பது மில்லி லிட்டர் என்றால் அரை டம்ளர்கூட இல்லையே என்று தோன்றும். கணக்கு இரும்பில் இருக்கிறது. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. எண்பதில் சுமார் நாற்பது. உணவிலிருந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு மில்லிகிராம். அதில் ஒன்றை, தோலும் குடலும் தினமும் உதிர்வதில் உடல் எப்படியும் இழந்துவிடும். மாதம் முழுக்கச் சேர்த்தாலும் பற்று வரவு கட்டாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு. முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லும் நாம், “மாதாமாதம் எவ்வளவு போகிறது?” என்று கேட்பதில்லை.

வீட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருப்பது, மாற்றுவதற்காகவே நடுராத்திரி எழுவது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, எட்டு நாளைத் தாண்டுவது எல்லாம் அதிகப்போக்கின் அடையாளங்கள். நாட்டு வைத்தியத்தில் பெரும்பாடு என்பார்கள். மாதவிடாய்க் கோப்பை பயன்படுத்துபவர்கள் அதிலுள்ள கோடுகளைப் பார்த்தே கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கோப்பையில் சேர்வது முழுக்க ரத்தமல்ல. சவ்வுத் துணுக்கும் திரவமும் கலந்திருக்கும்.

காரணங்களை ஒழுங்குபடுத்த, மகளிர் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் ஒரு வரிசை வகுத்தது. ஸ்கேனிலோ திசுச் சோதனையிலோ கண்ணுக்குத் தெரிபவை ஒருபுறம்: தொங்குசதை, சவ்வு தசைக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸ், நார்க்கட்டி, சவ்வின் மிகைவளர்ச்சியும் புற்றும். அப்படித் தெரியாதவை இன்னொருபுறம். முட்டை வெளியேறாமை அதில் ஒன்று. காப்பர்-டி போன்ற சாதனங்களாலும் சில மருந்துகளாலும் வருவதும் அதில் சேரும். அதிகம் தவறவிடப்படுவது, ரத்தம் உறைவதில் உள்ள பிறவிக் குறை.

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே உள்ள ஓலண்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி 1920களில் ஹெல்சிங்கி மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டாள். சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காது. அவள் குடும்பத்தில் பலருக்கும் அப்படியே. ரத்தம் உறையா நோயான ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண்களைத் தாக்குவது. இங்கே பெண்கள் அதிகம். மருத்துவர் எரிக் வான் வில்பிராண்டு 1926இல் இதைப் புதிய நோயாக எழுதினார். அந்தச் சிறுமி பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயில் ரத்தம் போய் இறந்தாள். அதிக ரத்தப்போக்கோடு வரும் பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இந்த வான் வில்பிராண்டு நோய் இருப்பதை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. பெரும்பாலும் மிதமான வடிவம்தான். வயதுக்கு வந்த நாள் முதலே அதிகம் போகும் பெண்ணிடம், பல் பிடுங்கியபோது ரத்தம் நின்றதா, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா என்று கேட்டால் துப்பு கிடைத்துவிடும்.

சிகிச்சையில் ஹார்மோனே இல்லாத ஒரு வழியும் உண்டு. கருப்பைக்குள் ரத்தம் உறையும். உறைந்ததைக் கரைக்கும் நொதியும் அங்கேயே இருக்கும். அதிகம் போகும் பெண்களிடம் இந்தக் கரைப்பு வேகமாக நடக்கிறது. அதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டார்கள். போருக்குப் பிந்தைய வறுமையில், சோதனைக்கு ரத்தம் போதாவிட்டால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது உடாகோவின் ஆசை. அன்றைய மகப்பேறு மருத்துவர்கள் யாரும் அக்கறை காட்டவில்லை. இருபதாயிரம் பெண்களிடம் நடந்த சோதனை அவர் சொன்னது சரி என்று 2017இல் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் 98 வயதில் காலமாகியிருந்தார். மாதவிடாயில், அதிகம் போகும் நான்கைந்து நாள் மட்டும் போட்டால் இந்த மாத்திரை இழப்பை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது. ரத்தக்குழாயில் அடைப்பு வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

இதைவிட வலுவானது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். காப்பர்-டி போலவே ஆங்கில டி எழுத்து வடிவம். செம்புக்குப் பதில் லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. தினமும் சுமார் 20 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் வருவதில் ஒரு சிறு துளி, நேராகச் சவ்வின்மேல் படுகிறது. சவ்வு வளர்வதே இல்லை. இழப்பு 90 சதவீதம் வரை குறைகிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகக் கசியும் என்பதை முன்கூட்டியே சொல்லாததால், பயன் தெரியும் முன்பே எடுக்கச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. காப்பர்-டியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதைவிட அதிகம். ஒன்று போக்கைக் கூட்டும், இன்னொன்று குறைக்கும்.

அத்தைக்கு மருந்து தொடங்குமுன் சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்திருக்க வேண்டும். நாற்பத்தைந்தை எட்டியவர்களின் அதிகப்போக்கிலும், மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஒரே ஒரு சொட்டிலும், புற்று இல்லை என்று உறுதிசெய்துகொள்வதுதான் முதல் வேலை.

வலிக்கு வருவோம். மாதவிடாய்த் திரவத்தில் தசையைச் சுருக்கும் ஏதோ ஒரு பொருள் இருப்பதாக 1957இல் பிரிட்டன் ஆய்வாளர் வி. ஆர். பிக்கிள்ஸ் எழுதினார். அது புரோஸ்டாகிளாண்டின் என்பது பின்னர் தெரிந்தது. சவ்வு உதிரும்போது சுரக்கும் இது, கருப்பைத் தசையை இறுக்குகிறது. இறுக்கம் ரத்த ஓட்டத்தையே தடுக்கும் அளவுக்குப் போகும்போது வலி உயிரை எடுக்கிறது. அதுவரை மனக்கோளாறு என்று சொல்லப்பட்டு வந்த வலிக்கு இப்படி ஒரு வேதிப்பொருள் சாட்சியாகக் கிடைத்தது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். மாதவிடாய் வலிக்கு நாம் போடும் மெஃபெனமிக் அமிலமும் இந்த இனம்தான். இவை தடுப்பது உற்பத்தியை. ஏற்கனவே சுரந்ததை அழிப்பதில்லை. வலி உச்சிக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போடுவதைவிட, தொடங்கியதுமே போடுவது பலன் தருவது அதனால்தான்.

மாத்திரை பலன் தருகிறது என்பதற்காகக் கேள்வியில்லாமல் விநியோகிக்கலாமா? தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில், வலி என்று சொல்லும் தொழிலாளிகளுக்கு மேற்பார்வையாளர்களே பெயர் எழுதாத மாத்திரைகளைக் கொடுத்து வேலைக்குத் திருப்பி அனுப்புவதை, 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளிக்கொண்டு வந்தது. இந்திய மருந்தியல் நூல் ஆணையமும் 2023 இறுதியில், மெஃபெனமிக் அமிலத்தால் அபூர்வமாக வரும் கடுமையான ஒவ்வாமை குறித்து எச்சரித்தது. மாத்திரைக்கும் அடங்காத, வருடத்துக்கு வருடம் கூடும் வலியின் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். கருப்பைச் சவ்வு போன்ற திசு வெளியே, இடுப்புக்குழியில் வளரும் நோய் இது. பத்தில் ஒரு பெண்ணுக்கு உண்டு. சாதாரண ஸ்கேனில் பலருக்குத் தெரியாது.

எல்லாம் இருந்தும் கடைசியில் பலருக்கு நடப்பது, “கர்ப்பப்பையை எடுத்துடுங்க” என்ற ஒற்றை வரி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் 2019இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 82 ஆயிரம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருப்பையை எடுத்திருந்தார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் என்ற இடத்தில் மாதவிடாயே கடனாகிவிடுகிறது. தேவையற்ற அறுவைகளைக் கண்காணிக்கக் குழுக்கள் அமைக்கச் சொல்லும் ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்தும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. சில பெண்களுக்கு இந்த அறுவை உண்மையிலேயே விடுதலைதான். மருந்தெல்லாம் பார்த்து, குழந்தை ஆசையும் முடிந்து, தெரிந்தே கேட்பவர்கள் உண்டு. ஆனால் முப்பதுகளில், முதல் ஸ்கேனிலேயே?

அறுவைக்கு அதிகம் காட்டப்படும் காரணம் நார்க்கட்டி. இது பெரும்பாலும் புற்றல்ல. கருப்பைத் தசையிலிருந்து வளரும் உருண்டை. ஐம்பது வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒன்றாவது இருக்கும், பலருக்குத் தெரியாமலே. அறிக்கையில் எல்லோரும் பார்ப்பது எத்தனை சென்டிமீட்டர் என்பதை. பார்க்க வேண்டியது எங்கே இருக்கிறது என்பதை. சவ்வுக்கு அடியில் உள்அறைக்குள் துருத்தும் இரண்டு சென்டிமீட்டர் கட்டி, ஹீமோகுளோபினை ஆறுக்குக் கொண்டுபோய்விடும்; அதை வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாக ஒரு குழாய்நோக்கியைச் செலுத்தி வழித்தெடுக்கலாம். வெளிச்சுவரில் தொங்கும் ஐந்து சென்டிமீட்டர் கட்டிக்கும் அந்தப் பெண்ணின் ரத்தப்போக்குக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.